அண்டாவுக்குள் ஒரு பட்டதாரி

"மை நேம் இஸ் கொளஞ்சியப்பன்" என்று அண்டாவுக்குள் தலையை விட்டுச் சொல்கிறான் கொளஞ்சியப்பன். அண்டா அதை வாங்கி உள்ளே ஒரு சுற்று சுற்றி, கனத்த குரலில் திருப்பித் தருகிறது. வெளியில் பேசினால் அவனுடைய குரல் தேய்ந்த சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கும். அண்டாவுக்குள் பேசினால் மாவட்ட ஆட்சியர் பேசுவது போல ஒலிக்கும். அதனால் நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகைகளை அவன் அண்டாவுக்குள்தான் வைத்துக்கொள்கிறான். "ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர்" என்பதற்குத் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு. "ஐ ஆம் எ டீம் பிளேயர்" என்பதற்கு இன்னொரு தேய்ப்பு. "ஒய் ஷுட் வீ ஹயர் யூ?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும்போது மட்டும் நார் நின்றுவிடும். உன்னை நாங்கள் ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும்? அதற்கு அவனிடம் இன்னும் பதில் இல்லை. அண்டாவும் கேள்வியைத்தான் திருப்பித் தருகிறது.

"இன்னா டிகிரி, உள்ள யார்கிட்ட பேசிக்கினு இருக்க?" என்று வெளியிலிருந்து சடையன் கேட்பார். சடையன் கல்வராயன் மலைக்காரர். பந்தல் போடுவது, பாத்திரம் ஏற்றி இறக்குவது, கொளஞ்சியப்பனைக் கிண்டல் செய்வது ஆகிய மூன்றும் கடையில் அவருடைய வேலைகள். மூன்றாவதற்குத் தனியாகச் சம்பளம் இல்லை. ஆனால் அதில்தான் அவர் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை.

கடை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. வியாகுலம் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், தேவாலயத்துப் புதுநன்மை, கருமாதி என்று மனிதர்கள் கூடிச் சாப்பிடுகிற எந்தக் காரியத்துக்கும் அங்கே அண்டா உண்டு, குண்டான் உண்டு, சாமியானா உண்டு, நாற்காலி உண்டு. மனிதர்கள் கூடி அழுகிற காரியத்துக்கு ஐஸ் பெட்டியும் உண்டு. முதலாளி வியாகுலத்துக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஆள் வாட்டசாட்டம், பேச்சு கம்மி. அவர் சட்டைப் பையில் இருப்பது பட்டன் போன். "எனக்கு பச்ச பட்டன், செவப்பு பட்டன் ரெண்டுதான் தெரியும்" என்பார். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா வருத்தமாகச் சொல்கிறாரா என்பது கொளஞ்சியப்பனுக்குப் பிடிபட்டதே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு பட்டதாரியை எடுத்ததற்குக் காரணம் அரசாங்கம். சிறுதொழில் செய்கிறவர்கள் பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு அவர்களுடைய உதவித்தொகையில் பாதியை அரசாங்கமே கொடுக்கும் என்றொரு திட்டம் வந்தது. நகராட்சி மண்டபத்தில் அதற்கு ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட வந்த வியாகுலம், எடுத்துக்கொண்டு போக நின்றிருந்த நேரத்தில் பேச்சைக் கேட்டார். "படிச்ச புள்ள ஒண்ணு கடையில ஒக்காந்து இருந்தா, கல்யாண வூட்டுக்காரங்க ஜாஸ்தி பேரம் பேச மாட்டாங்க இல்ல?" என்று அதிகாரியிடம் கேட்டார். அதிகாரி அது திட்டத்தின் நோக்கம் இல்லை என்றார். வியாகுலம் தன்னுடைய நோக்கம் அதுதான் என்றார். இப்படியாகத்தான் கொளஞ்சியப்பன், பி.பி.ஏ., பாத்திரக் கடையின் பயிற்சி மேலாளர் ஆனான்.

அவன் வடக்கனந்தல்காரன். குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கல்லூரியில் சேரும்போது வணிக நிர்வாகம் என்ற பெயரைக் கேட்டதும் மயங்கிவிட்டான். நிர்வகிப்பதற்கு அவன் வீட்டில் எதுவும் இருந்ததில்லை என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் உறைத்தது. அம்மா ஆயம்மாள் கரும்பு வெட்டுக்குப் போகிறவள். வெட்டு நடக்கும் தோட்டமெல்லாம், "எம்புள்ள மேனேஜருக்குப் படிச்சான், இப்ப மேனேஜராவே ஆயிட்டான்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் சட்டையைத் துவைக்க எடுத்து, "ஆபீஸ்ல இன்னாடா முதுவுல சாம்பாரு?" என்று கேட்பாள். "கேன்டீன்லம்மா" என்பான் கொளஞ்சியப்பன். முதுகில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அவள் கேட்டதில்லை. அவனும் விளக்கியதில்லை.

சட்டையை அவன் எப்போதும் உள்ளே விட்டுத்தான் போடுகிறான். பெல்ட் உண்டு. ஷூவும் உண்டு. அந்தக் கோலத்தில்தான் மூட்டை கட்டிய கரண்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். கல்யாண வீடுகளில் அவனை மாப்பிள்ளையின் நண்பன் என்று நினைத்து உட்காரச் சொல்லி, காபியை நீட்டுவார்கள். பிறகு தோளில் இருக்கும் மூட்டையைப் பார்த்துவிட்டுக் காபியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு கணத்தில் தன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அரசாங்கம் பாதி, முதலாளி பாதி என்கிற கணக்கு சடையன் காதுக்குப் போனதிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம். கொளஞ்சியப்பன் களைத்து உட்கார்ந்தால், "இப்ப குந்திக்கினு இருக்கறது எந்தப் பாதி? அரசாங்கப் பாதியா, அண்ணன் பாதியா?" என்பார். எழுந்து ஒரு நாற்காலி அடுக்கைத் தூக்கினால், "பாத்து, பாத்து. அரசாங்கப் பாதிக்கு அடிபட்டா நாமதான் பதில் சொல்லணும்" என்பார். வியாகுலம் சிரிக்க மாட்டார். ஆனால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருமுறை மலைமேல் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றினார்கள். வழி பார்க்கும் பொறுப்பைக் கொளஞ்சியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டான். போனில் வரைபடத்தைத் திறந்து, குட்டியானை வண்டியின் முன் இருக்கையில் தளபதி மாதிரி உட்கார்ந்தான். இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் சிக்னல் போய்விட்டது. படத்தில் இருந்த நீலப்புள்ளி மலையடிவாரத்திலேயே நின்றுகொண்டது. பின்னால் அண்டாக்களுக்கு நடுவிலிருந்து சடையன் எட்டிப் பார்த்து, "நீ எறங்கிட்டியா டிகிரி? நாங்க இன்னும் ஏறிக்கினு இருக்கோம்" என்றார். அதன்பிறகு கல்யாண வீடு வரும்வரை கொளஞ்சியப்பன் ஜன்னல் வழியாக மரங்களை நிர்வகித்துக்கொண்டு வந்தான்.

பயிற்சியைப் பார்வையிட ஒரு பெண் அதிகாரி அவ்வப்போது வருவார். வருகிற நாளில் மட்டும் குண்டான்களுக்கு நடுவில் ஒரு மேசை முளைக்கும். கல்யாண மேடைக்குப் போடும் மின்விசிறி அவன் பக்கம் திரும்பும். "ஒக்காரு டிகிரி, கைய கால ஆட்டாத" என்று வியாகுலம் அவனை உட்காரவைப்பார். வாடகைக்கு விடப்பட்ட பொருள்போல அவன் உட்கார்ந்திருப்பான்.

"இங்க என்னப்பா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் அந்த அம்மையார், வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது.

"சப்ளை செயின் மேடம்" என்றான் கொளஞ்சியப்பன்.

"செயின்லாம் இல்லீங்க மேடம். நம்ம வண்டியில கயிறுதான்" என்றார் சடையன், கடையின் மானம் போய்விடக் கூடாதே என்ற அக்கறையோடு.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வியாகுலத்திடம் திரும்பினார். "அடுத்த மாசத்தோட அரசாங்கப் பங்கு நின்னுடும். அதுக்கப்புறம் இவர வெச்சுக்கறதும் அனுப்பறதும் உங்க விருப்பம். என்ன செய்யப் போறீங்க?"

"பாக்கலாங்க" என்றார் வியாகுலம்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் கொளஞ்சியப்பன் மேசைக்கு அடியில் ஒரு ஷூவால் இன்னொரு ஷூவை மிதித்துக்கொண்டான். கடையில் பதினொரு மாதமாக அவன் அந்தப் 'பாக்கலாங்க'வைக் கேட்டிருக்கிறான். முகூர்த்த நாளில் கடைசி நேரத்தில் சாமியானா கேட்டு வருகிறவர்களுக்கு வியாகுலம் சொல்கிற பதில் அது. 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'பாக்கலாங்க' என்று சொல்லி அனுப்பிய எவருக்கும் சாமியானா போனதில்லை.

வேலை போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வடக்கனந்தல் பேருந்து. கரும்புத் தோட்டம். அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில், உள்ளே விட்ட சட்டையோடு, வெட்டுக்கத்தியோடு ஒரு மேனேஜர். வெட்டத் தெரியாததால் அங்கேயும் பயிற்சியில்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு அரசாங்கம் பாதி கொடுக்குமா என்று தெரியவில்லை.

தன்னால் கடைக்கு ஒரு பயன் இருக்கிறது என்று வியாகுலத்துக்குக் காட்டியாக வேண்டும். கொளஞ்சியப்பன் யோசித்தான். பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது: வந்த வாடிக்கையாளரை மறுபடி வரவைப்பது. சமீபத்தில் கடைக்கு வந்த அத்தனை பேருடைய எண்களையும் தன் போனில் ஒன்றாகச் சேர்த்தான். ரோஜாப்பூப் படம் போட்டு, கீழே வண்ண எழுத்தில் ஒரு செய்தி அமைத்தான். 'எங்கள் சேவையைப் பெற்றமைக்கு நன்றி! தங்கள் இல்லத்தில் அடுத்த நிகழ்ச்சி விரைவில் நடைபெற வாழ்த்துகிறோம். அதற்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு!' முடிவில் கைகூப்பும் பொம்மை. ஒருமுறை படித்துப் பார்த்தான். 'விரைவில்' என்ற சொல் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அனுப்பினான். காதுகுத்து நடத்திய வீட்டிலிருந்து உடனே ஒரு கைகூப்பும் பொம்மை திரும்பி வந்தது. அன்று காலை அவன் அண்டாவுக்குள் விசிலடித்துக்கொண்டே தேய்த்தான்.

கடையில் சேர்ந்த அன்று வியாகுலம் அவனுக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். "கல்யாண வூட்ல எறக்கினா, போய்ட்டு வரோம்னு சொல்லிட்டு வா. சாவு வூட்ல எறக்கினா வாயத் தொறக்காத. வரோம்னும் சொல்லாத, வாங்கன்னும் சொல்லாத, நன்றியும் சொல்லாத. திரும்பிப் பாக்காம வந்து வண்டியில ஏறு." இது கொளஞ்சியப்பனுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் ஒரு துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லி அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவன் அவன். பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது என்று அலட்சியமாக நினைத்தான். போன வாரம் மணலூர்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ஐஸ் பெட்டியை இறக்கியபோதுகூட அந்த விதிப்படி வாயை இறுக மூடிக்கொண்டுதான் வந்தான். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு விரலை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. மணலூர்பேட்டைக்காரரின் போன் எண்ணும் அவன் செய்தி அனுப்பிய எண்களில் இருந்தது.

மதியம் பட்டன் போன் அடித்தது. வியாகுலம் பச்சைப் பட்டனை அழுத்தினார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கொளஞ்சியப்பனைப் பார்த்தார்.

"மணலூர்பேட்ட ராஜாங்கம். அப்பா செத்து எட்டு நாளுதான் ஆவுது. நீ அவருக்கு இன்னாவோ ரோஜாப்பூ அனுப்பிச்சியாமே?"

கொளஞ்சியப்பன் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"நேர்ல வராராம்" என்றார் வியாகுலம். "சேசுவே" என்று ஒரு பெருமூச்சு விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கொளஞ்சியப்பன் கொல்லைப் பக்கம் போய், இருப்பதிலேயே பெரிய பித்தளை அண்டாவுக்குள் இறங்கினான். அந்த அண்டாவை உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும். ஆகவே தான் ஒளியவில்லை, கழுவுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சோப்புத் தூளும் தண்ணீரும் கணுக்காலைத் தொட, குந்தியபடி காதைத் தீட்டினான்.

"எவன்யா அது?" ராஜாங்கத்தின் குரல். கூடவே அவருடைய தாய்மாமனும் வந்திருந்தார்.

"ஒக்காருங்க. தண்ணி குடிங்க" என்றார் வியாகுலம்.

"தண்ணி கெடக்கட்டும். அடுத்த நிகழ்ச்சி சீக்கிரம் நடக்கணும்னு வாழ்த்தி இருக்கீங்களே, அடுத்தது யாருன்னும் நீங்களே சொல்லிடுங்க. எங்கம்மாவா, நானா? தெரிஞ்சா அந்த ஐஸ் பெட்டிய வூட்லயே வெச்சிக்கறோம். ஏத்தி எறக்கற வேலையாவது உங்களுக்கு கம்மியாவும்."

வியாகுலம் நாற்காலியை நகர்த்தி எழுகிற சத்தம் கேட்டது. "தப்புதாங்க. பெரிய தப்பு. கடை என்னுது. அத அனுப்பினதும் நான்தாங்க."

"நீயா? உன் பையில இருக்கறது பட்டன் போனு. அதுல ரோஜாப்பூ வருமாய்யா? யார ஏமாத்தற?"

அண்டாவுக்குள் அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. முதலாளி தனக்காகப் பொய் சொல்கிறார். ஒழுங்காகச் சொல்லவும் தெரியவில்லை. உன்னை நாங்கள் ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அவனுக்குள் ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. எடுக்கக் கூடாது என்பதற்கான காரணங்கள் எல்லாம் அவனோடு அதே அண்டாவில் குந்திக்கொண்டிருந்தன.

"நான்தாங்க" என்றான் கொளஞ்சியப்பன்.

அண்டா தன் வேலையைச் செய்தது. கொல்லையிலிருந்து கிளம்பிய அந்தக் கனத்த குரலைக் கேட்டு ராஜாங்கம் திடுக்கிட்டு, முதலில் சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்தார்.

"என் பேரு கொளஞ்சியப்பனுங்க" என்று தொடர்ந்தது குரல். "இங்க பயிற்சியில இருக்கேன். மெசேஜ் போட்டது நானுங்க. அண்ணனுக்குத் தெரியாது. உங்க வூட்ல பெட்டிய எறக்கினதும் நான்தாங்க. எல்லாம் தெரிஞ்சும் யோசிக்காம போட்டுட்டேனுங்க." அத்தனை நாள் ஒத்திகையில் தன்னை அவன் தமிழில் அறிமுகப்படுத்திக்கொண்டது அதுவே முதல் தடவை.

ராஜாங்கம் கொல்லைக்கு வந்தார். கை ஓங்கியிருந்தது. "வெளிய வாடா."

"வரேங்க." எழுந்தான், வழுக்கி உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். விளிம்பைப் பிடித்தான், விளிம்பும் வழுக்கியது. "வர முடிலீங்க. சோப்பு."

தாய்மாமன் 'புர்' என்று ஏதோ சத்தம் செய்துவிட்டு, இருமுவதுபோல வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். ராஜாங்கம் ஓங்கிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் அதையே இறக்கி நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் கொளஞ்சியப்பன் வெளியே வந்தான். தூக்கிவிட்ட கையால் உடனே அடிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. சோப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு குண்டானின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னா படிச்சிருக்க?"

"பி.பி.ஏ.ங்க."

"இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லீங்க. இது நானா செஞ்சதுங்க."

ராஜாங்கம் இன்னும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அழுது முடியாத முகம். "எங்கப்பா இருந்திருந்தா இத ஊரு பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாரு" என்றார். பிறகு, "அந்தத் தள்ளுபடி கல்யாணத்துக்கு மட்டுந்தானா, கருமாதிக்கும் உண்டா?" என்று கேட்டார்.

"எல்லாத்துக்கும் உண்டுங்க" என்று வாய் முந்திக்கொண்டது. கொளஞ்சியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்தத் தடவை தாய்மாமன் துண்டை எடுக்கவில்லை, வெளிப்படையாகவே சிரித்தார்.

கருமாதிக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு மணலூர்பேட்டைக்குக் கொளஞ்சியப்பனும் போனான். போகாதே என்று வியாகுலம் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இறக்கினான், அடுக்கினான், தண்ணீர் சுமந்தான். பந்தி முடிந்ததும் ராஜாங்கத்தின் அம்மா அவனையும் உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொன்னாள். சாப்பிட்டு எழுந்தபோது நன்றி என்ற சொல் தொண்டை வரை வந்தது. தண்ணீரைக் குடித்து அதை உள்ளே அனுப்பினான். திரும்பிப் பார்க்காமல் வந்து வண்டியில் ஏறினான்.

"இன்னிக்கி ரெண்டு பாதியும் வாய மூடிக்கினு இருந்துதே" என்றார் சடையன். அவர் குரலில் பாதிக் கிண்டல்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் வேலை பற்றிய பேச்சை வியாகுலம் எடுக்கவில்லை. கொளஞ்சியப்பன் நேராகவே ஒருநாள் கேட்டான். "ண்ணா, மாசம் முடிஞ்சா நான் இன்னா பண்றது?" பாத்திரத்தின் நசுங்கலைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "பாக்கலாம்" என்றார். 'ங்க' இல்லாத பாக்கலாம். இது பழைய பாக்கலாங்கதானா, அல்லது வேறு வகையா? கொளஞ்சியப்பன் அதை அண்டாவுக்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன.

வருடம் முடிந்தது. அதற்கு மறுநாள் காலை, தான் பயிற்சியில் இருக்கிறோமா, வேலையில் இருக்கிறோமா, வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறோமா என்று தெரியாமல் அவன் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றான். வழக்கம்போல உள்ளே விட்ட சட்டை, பெல்ட், ஷூ. கையில் மாற்றுத்துணிப் பை. எந்தப் பக்கம் போக நேர்ந்தாலும் உதவும் என்று எடுத்து வந்தது. கடை வாசலில் குட்டியானை நின்றிருந்தது. மலைக்கு ஒரு கல்யாணம் போகிறது போலிருக்கிறது. சடையன் வண்டியின் மேல் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். கீழே அந்தப் பெரிய பித்தளை அண்டா.

"அரசாங்கப் பாதி நேத்தோட போயிடிச்சே" என்று மேலிருந்து கத்தினார் சடையன். "இன்னிக்கி அங்க நிக்கறது எந்தப் பாதி?"

வியாகுலம் அவனைப் பார்த்தார். குனிந்து அண்டாவின் ஒரு பக்க வளையத்தைப் பிடித்துத் தூக்கினார். அண்டா சாய்ந்தது. அந்தப் பக்கத்து வளையம் சும்மா தொங்கி, பித்தளையில் 'டங்' என்று ஒருமுறை இடித்தது. அவர் தூக்கியபடியே காத்திருந்தார்.

கொளஞ்சியப்பன் சாலையைக் கடந்து வந்தான். பையை வாசற்படியில் வைத்தான். உள்ளே விட்டிருந்த சட்டையின் நுனியை பெல்ட்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்காதபடி அந்த இன்னொரு வளையத்தில் ஒரு சுற்று சுற்றி, இறுகப் பிடித்தான்.